பட்டறைக் கேள்வி–பதில்: சொந்தமாக ஒரு டிரம் சாண்டர்

உப்புத்தாள் சுற்றிய உருளை மேலே சுழல, அதன் அடியில் பலகையைச் செலுத்தி, முழு அகலத்தையும் ஒரே கனத்துக்குத் தேய்த்தெடுக்கும் மெஷின்தான் டிரம் சாண்டர். அதைப் பட்டறையிலேயே செய்துகொள்வது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். அளவுகள் எல்லாம் 450 மி.மீ. நீளமும் 125 மி.மீ. விட்டமும் உள்ள டிரம்முக்குச் சொன்னவை. உங்கள் டிரம் வேறு அளவு என்றால் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள், செய்முறை மாறாது.

கேள்வி: என்னிடம் திக்னஸ் பிளேனர் இருக்கிறது. அதற்கு மேல் டிரம் சாண்டர் தேவையா? மெனக்கெட்டுச் செய்தால் பலன் உண்டா?

பதில்: பிளேனர் கத்தியால் சீவுகிறது, டிரம் சாண்டர் துகளால் தேய்க்கிறது. கணு உள்ள பலகையிலும், நார் எதிரும் புதிருமாக ஓடும் பலகையிலும் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பிளேனர் கத்தி நாரைப் பிய்த்துக்கொண்டு போகும் இடத்தில் உப்புத்தாள் எதையும் பிய்க்காது. 3 மி.மீ. கனமுள்ள மெல்லிய பட்டைகள், வெட்டுமுகம் மேலே தெரியும்படி ஒட்டிய பலகைகள், பிளேனர் வாய்க்குள் நுழையாத அகல ஒட்டுப்பலகைகள் ஆகிய மூன்றும் அடிக்கடி கைக்கு வருகிறதென்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

ஆனால் இதைப் பிளேனருக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். ஒரு தடவைக்கு 0.2 மி.மீ. எடுத்தால், 5 மி.மீ. குறைக்க 25 தடவை ஓட்ட வேண்டும். அதற்குள் தாள் மழுங்கிவிடும், பலகையும் சூடேறி நெளியும். குழிந்தோ முறுக்கியோ இருக்கும் பலகையை முதலில் இழைத்து ஒரு முகத்தை மட்டமாக்கிவிட்டே இதில் விட வேண்டும். மட்டமில்லாத முகம் மேசையில் ஆடினால், அந்த ஆட்டம் அப்படியே மேல்முகத்தில் பதியும்.

கேள்வி: 1440 ஆர்.பி.எம். மோட்டார் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை நேரடியாக டிரம்மோடு இணைக்கலாமா? எத்தனை ஹெச்.பி. வேண்டும்?

பதில்: பார்க்க வேண்டியது ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) அல்ல, உப்புத்தாள் மரத்தின் மேல் ஓடும் வேகம். டிரம் விட்டத்தை மீட்டரில் எடுத்து 3.14-ஆல் பெருக்குங்கள். அதை ஆர்.பி.எம்.-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 125 மி.மீ. டிரம் 1440-இல் சுழன்றால் 9.4 மீட்டர். வேலை நடக்கும், கொஞ்சம் மந்தமாக. மோட்டாரில் 100 மி.மீ. புல்லியும் டிரம்மில் 75 மி.மீ. புல்லியும் போட்டால் டிரம் 1920 ஆர்.பி.எம். ஓடும், தாளின் வேகம் 12.6 மீட்டர். 10-க்கும் 15-க்கும் இடையில் வைத்துக்கொள்வது நல்லது. 2880 ஆர்.பி.எம். மோட்டாரை ஒன்றுக்கொன்று புல்லியில் மாட்டினால் 18.8 மீட்டர் வரும். மரம் கருகும், எம்.டி.எஃப் (மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை) டிரம்மில் சிறு சமநிலைக் குறை இருந்தாலும் மெஷின் முழுக்க அதிரும்.

கையால் தள்ளுவதென்றால் 1.5 ஹெச்.பி. போதும். 450 மி.மீ. அகலப் பலகையை அடிக்கடி ஓட்டுபவர்கள் 2 ஹெச்.பி.க்குப் போகலாம். மோட்டார் கட்டாயம் மூடிய வகையாக, வெளியே விசிறி வைத்துக் குளிர்விப்பதாக இருக்க வேண்டும். திறந்த மோட்டாருக்குள் மரத்தூள் புகுந்து வைண்டிங்கில் படியும்.

நேரடி இணைப்பைவிட வி பெல்ட்டே நல்லது. வேகத்தை மாற்றப் புல்லியை மாற்றினால் போதும். மோட்டாரின் அதிர்வும் டிரம்முக்கு அவ்வளவாக ஏறாது. மோட்டாரை ஒரு கீல் பலகையில் தொங்கவிட்டால் அதன் எடையே பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: டிரம்மை எதில் செய்வது? வட்டங்களை ஒட்டினால் காலப்போக்கில் ஷாஃப்டில் வழுக்காதா?

பதில்: 18 மி.மீ. எம்.டி.எஃப்-இல் 25 வட்டங்கள் வெட்டினால் 450 மி.மீ. வந்துவிடும். நார் ஓட்டம் இல்லாத பொருள் என்பதால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேயும். அதற்காகவே பிளைவுட்டை விட்டு எம்.டி.எஃப்-ஐச் சொல்கிறோம். வட்டங்களை 128 மி.மீ. விட்டத்தில் வெட்டுங்கள், மீதி 3 மி.மீ. உருட்டிச் சமன்செய்யும்போது போகும்.

ஷாஃப்டுக்கு 25 மி.மீ. பளபளப்புக் கம்பி, 650 மி.மீ. நீளம். பேரிங்குக்கு யு.சி.பி. 205 பிளம்மர் பிளாக் (போல்ட்டில் இறுக்கும் இருக்கையோடு கூடிய பேரிங்) இரண்டு. உள்துளை 25 மி.மீ. 20 மி.மீ. கம்பியும் யு.சி.பி. 204-உம் போட்டாலும் ஓடும். ஆனால் அகலப் பலகை அழுத்தும்போது நடுவில் கம்பி வளையக் கூடாது என்பதால் 25-ஐயே பரிந்துரைக்கிறோம். கம்பியைச் சமதளத்தில் உருட்டிப் பாருங்கள். அடியில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தால் வளைந்த கம்பி. அதை வைத்து ஆரம்பிக்கவே வேண்டாம்.

வழுக்கும் கேள்விக்கு வருவோம். பசையை மட்டும் நம்பினால் ஒருநாள் வழுக்கும். கம்பியில் டிரம் தொடங்கும் இடத்திலிருந்து இரண்டாவது வட்டத்துக்கு நேராகக் குறுக்கே 6 மி.மீ. ஓட்டை போட்டு, 60 மி.மீ. நீள இரும்பு ஆணியை நுழையுங்கள். அது உட்காரும் வட்டத்தின் முகத்தில் அதே அளவு காடி எடுத்து எபாக்ஸி நிரப்புங்கள். மறுகோடியிலும் இதே மாதிரி ஒன்று. இப்போது சுழற்றும் விசையை ஆணி தாங்குகிறது. பசையின் வேலை வட்டங்களைச் சேர்த்துப் பிடிப்பது மட்டுமே.

வட்டங்களை ஒட்டும்போது ஒன்று விட்டு ஒன்றை 180 டிகிரி திருப்பி வையுங்கள். பலகையின் கனத்தில் மயிரிழை ஏற்றத்தாழ்வு இருந்தால்கூட, ஒரே திசையில் அடுக்கினால் 25 வட்டத்தில் அது கூடிக்கொண்டே போய்க் கம்பியை இழுக்கும். மையத்திலிருந்து 40 மி.மீ. தள்ளி, குறுக்கு ஆணியில் இடிக்காத வாக்கில், நேர் எதிரெதிரே இரண்டு 10 மி.மீ. ஓட்டைகளை எல்லா வட்டத்திலும் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டை பிசகாமல் இருக்க ஒரு வட்டத்தை அச்சாக வைத்தே மற்றதையெல்லாம் துளையுங்கள். இதில் மரை ஓடிய கம்பிகளை விட்டு இருபுறமும் நட்டுப் போட்டு இறுக்கினால் கிளாம்ப் தேவையில்லை. நட்டுகள் ஓரவட்டத்தில் புதைந்திருக்கட்டும். கம்பிகளைக் கழற்றவும் வேண்டாம். ஐந்தைந்து வட்டமாக ஒட்டி, கடைசி அடுக்கு ஒட்டியபின் ஒரு முழு நாள் காயவிடுங்கள்.

கேள்வி: பி.வி.சி. குழாயில் செய்தால் சுலபம் என்கிறார்களே?

பதில்: சுலபம்தான். ஆனால் குழாய் சரியான வட்டமாக இருப்பதில்லை. அதைத் தேய்த்து வட்டமாக்கினால் ஒரு பக்கம் சுவர் மெலிந்துபோகும். சூட்டில் இளகும், மரத்தூளோடு உரசி நிலைமின்சாரமும் சேரும். கனமான அலுமினியக் குழாய் கிடைத்து, லேத்தில் கடைந்து தரவும் ஆள் இருந்தால் அது எம்.டி.எஃப்-ஐவிட மேல்.

கேள்வி: டிரம் செய்து மாட்டிவிட்டேன். ஓட்டினால் மேல்கீழாகத் துள்ளுகிறது. லேத்தில் கொடுத்துக் கடையலாமா?

பதில்: லேத் வேண்டாம். எந்த மேசையில் ஓட்டப்போகிறீர்களோ அந்த மேசையே உங்களுக்கு லேத். முழு வேலையிலும் அவசரமே கூடாத இடம் இதுதான்.

லேத்தில் கடைந்தால் டிரம் உருண்டையாகும். ஆனால் மேசைக்கு இணையாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பேரிங் உட்காரும் இரண்டு பக்கமும் அரை மி.மீ. உயர வித்தியாசம் இருந்தால், பலகையின் ஒரு ஓரம் அரை மி.மீ. மெலிந்துதான் வரும். டிரம்மை அதன் சொந்தப் பேரிங்கில், சொந்த மேசைக்கு எதிராகவே தேய்த்தால் உருண்டையாவதும் இணையாவதும் ஒரே வேலையில் முடிந்துவிடும். பேரிங் இருக்கை கொஞ்சம் கோணலாக இருந்தால்கூட டிரம் அந்தக் கோணலுக்கு ஏற்பத் தேய்ந்து மேசைக்கு நேராகிவிடும்.

செய்முறை இது. டிரம் அகலத்துக்கு ஒரு தட்டையான எம்.டி.எஃப் பலகையில் 60 கிரிட் தாளை முழுவதுமாக ஒட்டுங்கள் (கிரிட் என்பது துகளின் பருமனைச் சொல்லும் எண், எண் கூடினால் துகள் நுண்மை). டிரம்மின் மேல் 50 மி.மீ.க்கு ஒன்றாக, நீளவாக்கில் பென்சில் கோடு போடுங்கள். பேரிங் போல்ட்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்கிவிடுங்கள். மோட்டாரை ஓடவிட்டு, தாள் ஒட்டிய பலகையை டிரம் சுழலும் திசைக்கு எதிராக மெல்ல உள்ளே தள்ளுங்கள். முதலில் 'டக் டக்' என்று ஒரு பக்கம் மட்டும் உரசும் சத்தம் கேட்கும். அதே உயரத்தில் நாலைந்து தடவை ஓட்டினால் சத்தம் அடங்கும். அடங்கியபின் மேசையை ஏற்றும் திருகைக் கால் சுற்றுச் சுற்றி மறுபடி ஓட்டுங்கள். இப்படியே போனால் சத்தம் தொடர்ச்சியான ஒரே இரைச்சலாக மாறும். நிறுத்திப் பார்த்தால் பென்சில் கோடுகள் எல்லாம் அழிந்திருக்கும். ஓரிடத்தில் பொட்டு அளவு கோடு மிச்சமிருந்தாலும் அந்த இடம் இன்னும் பள்ளம். புதிதாகக் கோடு போட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள்.

சமநிலை பார்ப்பதைக் கடைசி அரை மி.மீ. மீதம் இருக்கும்போது செய்யுங்கள். டிரம்மைக் கம்பியோடு கழற்றி, ரசமட்டம் பிடித்து வைத்த இரண்டு இரும்புப் பட்டைகளின் விளிம்பில் உருளவிட்டால், கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். ஓரவட்டத்தின் முகத்தில் அந்தப் பக்கம் சிறு குழி துளைத்துத் துளைத்து, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை எடை குறையுங்கள். மறுபடி மாட்டியபின் அந்த மீதி அரை மி.மீ.யைத் தேய்த்து முடியுங்கள். பேரிங்கை அசைத்தாலே இணை போய்விடும் என்பதால்தான் இந்த வரிசை.

கடைசியாக, மேல்பரப்பில் வார்னிஷ் இரண்டு பூச்சு மெல்லியதாகக் கொடுத்து, 120 கிரிட்டால் ஒரு தடவை தடவிவிடுங்கள். பூச்சில்லாத எம்.டி.எஃப் மேல் எந்தப் பசைப்பட்டையும் நிற்காது. எம்.டி.எஃப் தூள் மிக நுண்ணியது, ஃபார்மால்டிஹைடு பிசினும் அதில் கலந்திருக்கும். இந்த வேலை முடியும்வரை முகமூடியைக் கழற்றாதீர்கள்.

கேள்வி: மேசையை நாலு மூலையிலும் திருகு வைத்து ஏற்றுவதா, ஒரு பக்கம் கீல் போடுவதா? கீல் போட்டால் மேசை சாய்ந்துவிடுமே?

பதில்: கீல் போடுங்கள். சாய்வைப் பற்றிய பயம் பலருக்கு இருக்கிறது, அது தேவையில்லை. டிரம் பலகையை ஒரே ஒரு கோட்டில்தான் தொடுகிறது. பலகை மேசையில் ஒட்டிக் கிடக்கும்வரை, அந்தக் கோட்டுக்கும் மேசைக்கும் உள்ள தூரம்தான் பலகையின் கனம். மேசை முன்பின்னாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கனம் மாறாது. இடவலமாகச் சாய்ந்தால் மட்டுமே கெடும். நாலு மூலைத் திருகில்தான் அந்தச் சாய்வு சுலபமாக வரும். நான்கும் ஒன்றுபோல ஏறச் சங்கிலியும் பல்சக்கரமும் மாட்ட வேண்டியிருக்கும்.

மேசை 600 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். பின்கோடியில் 12 மி.மீ. கம்பியை இருபுறச் சட்டத்திலும் ஆட்டமில்லாமல் நுழைத்துக் கீலாக்குங்கள். கதவுக்குப் போடும் நீளக் கீலில் எப்போதும் கொஞ்சம் லொடலொடப்பு இருக்கும், அது இங்கே உதவாது. முன்கோடியின் நடுவில் எம் 10 மரைக்கம்பியில் கைச்சக்கரம். டிரம் மேசையின் சரிபாதிக்கு மேல் இருப்பதால், திருகை ஒரு சுற்றுச் சுற்றினால் முன்கோடி 1.5 மி.மீ. ஏறும், டிரம்மின் அடியில் 0.75 மி.மீ. மட்டுமே ஏறும். கால் சுற்றுக்கு 0.19 மி.மீ. சாதாரணத் திருகிலேயே இந்த நுணுக்கம் கிடைப்பது கீலால்தான்.

ஒரே திருகு நடுவில் தாங்குவதால் மேசை முறுக்காமல் இருக்க வேண்டும். இரண்டு 18 மி.மீ. பலகையை ஒட்டி, அடியில் குறுக்குச் சட்டம் மூன்று கொடுத்து, மேலும் கீழும் மைக்கா ஒட்டுங்கள். மேலே மட்டும் ஒட்டினால் ஒரு மழைக்காலத்துக்குள் மேசை குழியும். உயரத்தை எப்போதும் ஏற்றிக்கொண்டே வந்து நிறுத்துங்கள். அதிகம் ஏற்றிவிட்டால், அரைச் சுற்று இறக்கி மறுபடி ஏற்றுங்கள். அப்போதுதான் மரையின் ஆட்டம் அளவில் புகாது.

கேள்வி: தாளைச் சுருள்சுருளாகச் சுற்றும்போது ஓரத்தில் எப்படிச் சாய்வாக வெட்டுவது? எவ்வளவு வெட்டினாலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது, இல்லையென்றால் இடைவெளி விழுகிறது.

பதில்: கண்ணளவில் வெட்டினால் அப்படித்தான் ஆகும். கணக்கு எளிது: சாய்வு வெட்டின் நீளம், டிரம்மின் சுற்றளவுக்குச் சரியாகச் சமமாக இருக்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானே அமையும்.

125 மி.மீ. டிரம்மின் சுற்றளவு 393 மி.மீ. தாள் 75 மி.மீ. அகலம் என்றால், ஒரு மூலையிலிருந்து ஓரமாக 385 மி.மீ. அளந்து புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து எதிர் ஓரத்தின் மூலைக்குக் கோடு போட்டால் அதன் நீளம் 393 வரும், அதிலேயே வெட்டுங்கள். மறுமுனைச் சாய்வு இதற்கு இணையாக இருக்க வேண்டும், எதிர்ச்சாய்வாக அல்ல. முனையிலிருந்து முனைவரை சுமார் 2.75 மீட்டர் தாள் பிடிக்கும். தாளைப் பிடிக்க டிரம்மில் வெல்க்ரோ (கொக்கியும் நாரும் கோத்து ஒட்டும் பட்டை) ஒட்டினால் விட்டம் கூடிவிடும். ஆகவே அதை ஒட்டி, தாளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தபின் ஒரு காகிதப் பட்டையால் சுற்றளவை அளந்து, அந்த அளவை வைத்தே வெட்டுங்கள். முதல் தாள் சரியாக அமைந்ததும் அதை ஹார்ட்போர்டில் வரைந்து அச்சாக வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றும் திசையும் முக்கியம். முதலில் பிடிக்கும் முனை சுழற்சியில் முன்னால் போக வேண்டும், மீதித் தாள் அதன் பின்னால் இழுபட்டு வர வேண்டும். மாற்றிச் சுற்றினால் முனை மரத்தில் மாட்டி, தாள் முழுவதும் ஒரே நொடியில் உரிந்துவிடும்.

கேள்வி: வெல்க்ரோவா, ஓரத்தில் கிளிப் வைத்து இறுக்குவதா?

பதில்: முதல் மெஷினுக்கு வெல்க்ரோ. கொக்கிப் பக்கத்தை டிரம்மில் ஒட்டி, அதன்மேல் வெல்க்ரோ முதுகுள்ள தாளைச் சுற்றி, இரு ஓரத்திலும் நார் கலந்த டேப்பை ஒரு சுற்று ஒட்டினால் போதும். தாளைத் தொய்வாகச் சுற்றினாலும் அது பிடித்துக்கொள்ளும். அதன் குறை மென்மை: பலகையின் விளிம்புகளை லேசாக உருட்டும், கடின நாரைவிட மென்நாரை அதிகம் தோண்டும். துல்லியமான தட்டைதான் வேண்டும் என்பவர்கள் துணிமுதுகுத் தாளை நேராக டிரம்மின் மேல் சுற்றிக் கிளிப்பில் இறுக்க வேண்டும். அதில் தாள் சூட்டில் நீளும். அந்தத் தொய்வை இழுத்துக்கொள்ள ஒரு முனைக் கிளிப்பில் ஸ்பிரிங் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் தாள் தொளதொளத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிழியும்.

கேள்வி: பலகையை உள்ளே விட்டதும் பிடுங்கிக்கொண்டு மறுபக்கம் போய் விழுந்தது. எங்கே தவறு?

பதில்: டிரம் சுழலும் திசையிலேயே பலகையை விட்டிருக்கிறீர்கள். நீங்கள் நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் டிரம்மின் அடிப்பக்கம் உங்களை நோக்கி வர வேண்டும். அப்போதுதான் அது பலகையை எதிர்க்கும், நீங்கள் தள்ளும் வேகத்துக்கு மட்டும் பலகை நகரும். இனிமேல் மோட்டாரின் வயரிங்கையோ பெல்ட்டையோ கழற்றி மாட்டினால், பலகை விடும் முன் ஒரு நொடி ஓடவிட்டுத் திசையைப் பாருங்கள். டிரம் மூடியின்மேல் பெயின்ட்டில் அம்புக்குறி போட்டு வையுங்கள்.

சரியான திசையிலும் பலகை உங்கள் பக்கமே திரும்பி வர வாய்ப்பு உண்டு. அதனால் பலகைக்கு நேர்ப் பின்னால் நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். பலகையைப் பாதிவரை தள்ளிவிட்டு மறுபக்கம் போய் இழுங்கள். அல்லது அடுத்த பலகையால் முந்தையதைத் தள்ளுங்கள். கையுறை வேண்டாம், தொங்கும் துணி வேண்டாம். மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் மெஷின் தானாக ஓடாதபடி தடுக்கும் ஸ்டார்ட்டரை மாட்டுங்கள்.

கேள்வி: தேய்த்த பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குறுக்கே சின்னச் சின்ன அலைகள். தாள் மாற்றியும் போகவில்லை.

பதில்: அலைக்கும் அலைக்கும் உள்ள தூரத்தை அளந்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். பலகையில் 20 அலைகளை எண்ணி, அந்த நீளத்தை 20-ஆல் வகுங்கள்.

பலகையை நிமிடத்துக்கு 2 மீட்டர் செலுத்துகிறீர்கள், டிரம் 1920 ஆர்.பி.எம். என்றால், டிரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது பலகை 1.04 மி.மீ. நகர்கிறது. அலை ஒரு மி.மீ.க்கு ஒன்றாக இருந்தால் கோளாறு டிரம்மில்: வட்டம் கெட்டிருக்கிறது, அல்லது சமநிலை இல்லை, அல்லது தாளின் மூட்டு ஓரிடத்தில் புடைத்திருக்கிறது. அலை 4 மி.மீ.யைத் தாண்டி, நாலரைக்குள் வந்தால் பெல்ட்டைப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளப் பெல்ட், 1440-இல் ஓடும் 100 மி.மீ. புல்லியில் நிமிடத்துக்குச் சுமார் 450 சுற்றுச் சுற்றும். அதற்குப் பலகை 4.4 மி.மீ. நகர்ந்திருக்கும். நெடுநாள் ஓடாமல் இறுக்கத்திலேயே நின்ற வி பெல்ட்டில் புல்லியின் வளைவு பதிந்து, அந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு உதை விழும். பெல்ட்டை மாற்றினால் தீரும். வேலை முடிந்ததும் பெல்ட்டைத் தளர்த்தி வைத்தால் திரும்ப வராது.

இடைவெளி ஒழுங்கே இல்லாமல், ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருந்தால் அது உங்கள் கையின் வேகம். தள்ளுவதில் தயக்கம் வந்த இடமெல்லாம் பள்ளம் விழும்.

கேள்வி: பலகை நெடுக ஒரே இடத்தில் கருப்புக் கோடு விழுகிறது. மரம் கருகுகிறதா?

பதில்: ஆமாம். ஒவ்வொரு பலகையிலும் அதே இடத்தில் என்றால், தாளில் அந்த இடத்தில் பிசின் அடைத்துவிட்டது. அடைத்த துகள் தேய்க்காது, சூடேற்ற மட்டுமே செய்யும். சூட்டில் இன்னும் பிசின் இளகி இன்னும் அடைக்கும். ஒட்டுப்பலகையில் வழிந்து காய்ந்த பசையைச் சுரண்டாமல் விட்டதும், பிசின் மிகுந்த கணு அதே இடத்தில் திரும்பத் திரும்பப் போனதும்தான் வழக்கமான காரணங்கள். டிரம் ஓடும்போது தாள் துடைக்கும் ரப்பர் கட்டையைச் சற்றே சாய்த்து அழுத்தினால் புதிதாக அடைத்தது கழன்று வரும். கருகி இறுகிப்போனது வராது, தாளை மாற்றுங்கள். அடுத்த தாள் நெடுநாள் உழைக்க, பலகையைக் கொஞ்சம் கோணலாக விடுங்கள், ஒவ்வொரு தடவையும் டிரம்மின் வேறுவேறு இடத்தைப் பயன்படுத்துங்கள்.

கோடாக இல்லாமல் குறுக்கே பட்டையாகக் கருகியிருந்தால் பலகையை நடுவில் நிறுத்தியிருக்கிறீர்கள். பலகை உள்ளே இருக்கும்போது நிற்கவே கூடாது.

கேள்வி: ஒரு தடவைக்கு எவ்வளவு எடுக்கலாம்? எந்தக் கிரிட்டில் தொடங்குவது?

பதில்: தாளின் துகள் அளவைத் தாண்டி ஆசைப்படக் கூடாது. 80 கிரிட் துகள் சராசரியாக 0.2 மி.மீ., 120 கிரிட் 0.125 மி.மீ., 180 கிரிட் 0.08 மி.மீ. அதுவே உங்கள் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 180-ஐப் போட்டுக்கொண்டு கால் சுற்று ஏற்றினால், துகளின் உயரத்தைவிட இரு மடங்கு மரத்தைக் கேட்கிறீர்கள். அது கருக்கித்தான் தரும். 80, 120, 180 என்ற வரிசை போதும். 80-லிருந்து 180-க்குத் தாவினால் பழைய கீறல் போகாது. டிரம் விடும் கீறல் எல்லாம் நேர்கோடாக இருக்கும். பாலிஷ் அடிக்கும் முன் கைச்சாண்டரால் ஒரு தடவை கலைத்துவிடுங்கள்.

கேள்வி: தூசிக்கு வீட்டு வேக்குவம் கிளீனர் போதுமா?

பதில்: போதாது. 450 மி.மீ. அகலத்தில் ஒரே நேரத்தில் கிளம்பும் தூளை அது சமாளிக்காது, பையும் சில நிமிடங்களில் அடைத்துக்கொள்ளும். டிரம்மை மூடும் பெட்டிக்கும் டிரம்முக்கும் 15 முதல் 20 மி.மீ. இடைவெளி விட்டு, 100 மி.மீ. குழாயை மரத்தூள் உறிஞ்சும் மெஷினோடு இணையுங்கள். டிரம்மின் அடிப்பக்கம் உங்களை நோக்கி வருவதால் தூளும் முன்பக்கமாகத்தான் மேலேறும். குழாயின் வாய் பெட்டியின் முன்மேல்பக்கத்தில் இருக்கட்டும். உறிஞ்சல் இல்லாமல் ஓட்டினால் தாளும் சீக்கிரம் அடைக்கும்.

இது துப்புரவுக்காக மட்டும் சொல்வதல்ல. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில், உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியான தன் 62-ஆவது தொகுதியில் வைத்திருக்கிறது. உறிஞ்சும் மெஷின் ஓடினாலும் முகமூடி போடுங்கள். பழைய பலகையில் ஆணி இருக்கிறதா என்று காந்தத்தை மெல்ல நகர்த்திப் பார்த்துவிட்டே உள்ளே விடுங்கள். ஆணியில் உரசிக் கிளம்பும் பொறி குழாய் வழியாக நேரே தூள் மூட்டைக்குள் போகும். அங்கே அது சத்தமில்லாமல் கனன்று, பட்டறை பூட்டியபின் பற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: பலகையைத் தானாகச் செலுத்த மோட்டார் வைக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் முதலில் கைத்தள்ளலில் மெஷினைச் சரிசெய்து முடியுங்கள். செலுத்தும் வேகம் நிமிடத்துக்கு 1 முதல் 3 மீட்டர். 50 மி.மீ. உருளை 20 ஆர்.பி.எம்.-இல் சுற்றினால் 3.1 மீட்டர் வரும். வேகம் குறைக்கும் கட்டுப்பாட்டோடு கூடிய கியர் மோட்டார் இதற்குப் பொருந்தும். உருளைகளின் நடுப்பகுதி ஓரங்களைவிட அரை மி.மீ. பருத்திருந்தால் பெல்ட் ஒரு பக்கம் ஓடிப்போகாமல் நடுவில் நிற்கும். டிரம்முக்கு முன்னும் பின்னும் ஸ்பிரிங் அழுத்தும் ரப்பர் உருளைகள் தேவை. அவை இல்லாவிட்டால் பலகையின் தலையும் வாலும் எழும்பி, இரு நுனியிலும் பள்ளம் விழும்.

கேள்வி: 150 மி.மீ. நீளமுள்ள சின்னத் துண்டுகளையும், 2 மி.மீ. பட்டைகளையும் இதில் தேய்க்கலாமா?

பதில்: கையால் தள்ளும் மெஷினில் 300 மி.மீ.க்குக் குறைந்த துண்டைத் தனியாக விடாதீர்கள். டிரம்முக்கு அடியில் போனதும் பிடிக்க எதுவும் இருக்காது, தலைகுப்புறக் கவிழ்ந்து தெறிக்கும். 600 மி.மீ. நீளத் தட்டைப் பலகையை வாகனமாக வைத்துக்கொள்ளுங்கள். துண்டு உங்கள் பக்கம் பின்னோக்கி நழுவாதபடி, பலகையின் பின்கோடியில் துண்டைவிட மெல்லிய குறுக்குப் பட்டை ஒன்றை ஒட்டுங்கள். துண்டின் இருபக்கமும் அதே கனமுள்ள இரண்டு நீளக் கழிகளை ஒட்டினால் துண்டு சாயாது, டிரம்மும் அவற்றின்மேல் ஏறி இறங்கும்.

2 மி.மீ. பட்டையை இருபுறப் பசை டேப்பால் அதே பலகையில் ஒட்டித் தேயுங்கள். டேப்பைப் பட்டை முழுக்க ஒட்ட வேண்டும். இடைவெளி விட்டு ஒட்டினால், டேப் இல்லாத இடத்தில் பட்டை அழுந்திக் கனமாக நிற்கும், டேப் உள்ள இடம் மெலிந்துபோகும். கழற்றும்போது ஒரு முனையிலிருந்து வெடுக்கென்று இழுக்காமல், மெல்லிய புட்டித் தகட்டை அடியில் நுழைத்து மெல்ல நகர்த்துங்கள்.